பன்னிரண்டாவது துணி

இன்று காலை பெட்டியை மூடுவதற்கு முன்னால் குனிந்து ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. அழுகல் வாடை இல்லை, ஈரத் துணியின் முடைநாற்றம் இல்லை, அந்தப் பெட்டிக்கென்று இருந்த பழைய இறால் கவுச்சிகூடப் போய்விட்டது. ஒன்றுமே மணக்கவில்லை என்பதற்காக இவ்வளவு சந்தோஷப்படும் பெண்பிள்ளை இந்த ஏரியைச் சுற்றி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ போன பிறகு அறுத்த முதல் லெட்டூஸ் இது. கார்த்திகையில் மழைக்குப் பயந்து பயந்து நாற்று வைத்தோம். மார்கழிப் பனியில் நன்றாகத் திரண்டுவிட்டது. நீ இல்லாமல் என் ஒருத்தி கையால் இது ஆகுமா என்று நாற்று வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு செடியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெட்டி பேருந்து ஏறிச் சென்னைக்குப் போய், பத்திரமாகச் சேர்ந்தும்விட்டது.

‘நீ’ என்று எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? நாலு பேர் முன்னால் உன்னை ‘அவரு’ என்றேன், ‘வாங்க’ என்றேன். நாம் இருவர் மட்டும் இருக்கும்போது ‘இன்னாய்யா’ என்றுதான் ஆரம்பிப்பேன், நீயும் ‘இன்னா மே’ என்பாய். இந்த மடலில் நம் இருவரையும் தவிர யாரும் இல்லை. அதனால் நீதான்.

லெட்டூஸ் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்வதற்காக மட்டும் எழுத உட்காரவில்லை. காலையில் என் தம்பி சேகர் ஒன்று சொன்னான். நாலு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த கல் இறங்கிவிட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? ஆனால் அதற்கு முன்னால் நான் உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம் நினைவிருக்கிறதா? உனக்கு எப்படி இருக்கும், மயங்கிக் கிடந்தவன் நீ. இடுப்பளவு தண்ணீரில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே முன்னால் சாய்ந்தாய். உன் பெரியப்பா மகன் படகிலிருந்து குதித்து உன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். அவன் இரண்டு நிமிஷம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சுக்குள் ஏதோ வைத்து அடைப்பை எடுத்தார்கள். “படகு, வலை ரெண்டையும் மறந்துடுங்க” என்றார் டாக்டர். வெளியே வந்ததும் நீ என் காதில், “பொண்டாட்டிய மறந்துடுன்னு சொல்லியிருந்தா கூட ஒரு மாரி சமாளிச்சிருப்பேன் மே” என்றாய். அந்த நிலையிலும் உனக்கு வாய் மட்டும் அடங்கவில்லை.

நம் குப்பத்தில் இறால் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டிருக்கிறார்கள். பாடு என்பார்கள். உன் முறை வரும் நாளில் அந்த இடம் உன்னுடையது, வேறு யாரும் அங்கே வலை வைக்க மாட்டார்கள். படுத்திருந்த மாதங்களில் உன் பாட்டைப் பெரியப்பா மகனுக்கு விட்டுக்கொடுத்திருந்தாய். விட்டுக்கொடுத்தாயே தவிர விட்டுவிடவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும், “இன்னிக்கு என் பாடு” என்று வாசலில் நின்று தண்ணீரைப் பார்ப்பாய்.

சும்மா இருந்தால் நீ தண்ணீருக்குப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திருப்பாலைவனத்தில் என் பிறந்த வீட்டு நிலத்தில் எனக்கு வரவேண்டிய துண்டைச் சேகரிடம் கேட்டேன். நெல் போடுகிற குடும்பத்துப் பெண் மீன்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று என் அப்பா சாகும்வரை நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. சேகர் அப்படி இல்லை. ஏற்கெனவே அவன் பச்சை நிழல்வலை கட்டிக் கீரை போட்டுக்கொண்டிருந்தான். சென்னையில் சின்னதாக சாண்ட்விச் கடை வைத்திருக்கும் ரேவதி என்ற பெண் அவனிடம் கீரை வாங்குவாள். சாண்ட்விச்சுக்குள் பச்சையாக வைக்கும், முட்டைக்கோஸ் போல் திரளும் லெட்டூஸைக் குளிர் மாதங்களில் போட முடியுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். “மாமா கைல குடுத்துப் பாப்போம்க்கா” என்றான் சேகர்.

நிழல்வலைக்குக் கீழே முதல் நாள் நின்று அண்ணாந்து பார்த்தாய். “இத்தினி வருசம் நான் வலை போட்டேன். இப்ப எனக்கே வலை போட்டுட்டீங்க அக்காவும் தம்பியும்” என்றாய். சேகர் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அது உண்மை.

செடியை நீ நன்றாகத்தான் வளர்த்தாய். தொரைக் கீரை என்று அதற்குப் பெயர் வைத்தாய். சிக்கல் எல்லாம் அறுத்த பிறகுதான்.

முதல் பெட்டியை நீ கட்டிய அழகை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இறால் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியை எடுத்தாய். அடியில் உடைத்த ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை லெட்டூஸ், அதன்மேல் ஐஸ், மறுபடி லெட்டூஸ், மறுபடி ஐஸ். இத்தனை ஐஸ் எதற்கு என்று சேகர் இழுத்தான். “மச்சான், கடல்லருந்து வர்ற மீனே ஐஸுல ரெண்டு நாளு நிக்குது. எல நிக்காதா?” என்று அவன் வாயை அடைத்தாய். மூடுவதற்கு முன்னால் உன் வழக்கப்படி கடைசியாக மேலுக்கு ஒரு கை ஐஸைத் தூவினாய். குப்பத்தில் யார் மீன் பெட்டி கட்டினாலும் அந்தக் கடைசிக் கை இல்லாமல் மூட மாட்டார்கள்.

மறுநாள் பெட்டி அதே பேருந்தில் திரும்பி வந்தது. ஐஸ் பட்ட இலையெல்லாம் கண்ணாடி போலாகி, கறுத்து, தொட்டால் கூழாகக் கையில் வந்தது. நீ ஒரு லெட்டூஸ் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாய். “மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்தா தெரிஞ்சிடும். இதுக்கு செவுளு எங்க மே கீது?” என்று பாவமாகக் கேட்டாய்.

நான் மட்டும் என்ன கிழித்துவிட்டேன்? இரண்டாவது பெட்டியை நான்தான் கட்டினேன். கீரைக்காரக் குடும்பத்துப் புத்தி எனக்கு. ஐஸே வேண்டாம் என்றேன். இலைமேல் தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, நனைத்த சாக்கைச் சுற்றி அனுப்பினேன். முளைக்கீரைக்கும் அரைக்கீரைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான். காலையில் அறுத்து மதியத்துக்குள் விற்றுவிடும் சரக்குக்கு அது போதும். இது நாலு நாள் கடையில் இருக்கவேண்டிய சரக்கு என்பது என் மண்டையில் ஏறவில்லை. அதுவும் திரும்பி வந்தது. வெளியே பார்க்கப் பச்சை, பிரித்தால் குருத்து பழுப்பாக அவிந்து கிடந்தது. உன்னைக் கேலி செய்த வாயைப் பொத்திக்கொண்டேன்.

அன்று ரேவதி போனில் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. “அண்ணா, வர்ற வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை பாக்கறேன். அதுவும் இப்படியே வந்தா நான் பழையபடி ஊட்டிலருந்தே வாங்கிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள்.

போனை வைத்துவிட்டு நீ காலிப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்தாய். பிறகு, “சரி மே. வெள்ளிக்கெழம பொட்டி போவட்டும். நல்லா போச்சின்னா இதையே பாத்துக்குறேன். இல்லன்னா சனிக்கெழம என் பாடு வருது. நான் தண்ணிக்குப் போறேன்” என்றாய்.

“டாக்டரு சொன்னது இன்னாய்யா ஆச்சி?”

“டாக்டரு சோறு போடுவாரா? மச்சான் தோட்டத்துல காவக்காரன் மாரி எத்தினி நாளு குந்திக்கினு இருக்கறது?”

நான் அழுதேன், திட்டினேன், ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். நீ இறங்கி வரவில்லை. பன்னிரண்டு தலை லெட்டூஸ் அழுகாமல் போய்ச் சேர்ந்தால் நீ கரையில் இருப்பாய், அழுகினால் தண்ணீரில் இறங்குவாய். மறுபடி தண்ணீரில் சாய்ந்தால் தூக்க ஆள் பக்கத்தில் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

புதன்கிழமை நீ சனிக்கிழமைக்குத் தயாராக ஆரம்பித்துவிட்டாய். ஆடியில் நீ விழுந்த அன்று, ஈரத்தோடு யாரோ சுருட்டிக் கொல்லையில் போட்ட வலை அப்படியே கிடந்தது. உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் அதை யார் காயப்போடுவது? பிரித்தாய். கயிறெல்லாம் இற்று, சிக்கிய பாசி கொழகொழவென்று கறுத்து, ஒரு நாற்றம் அடித்தது. நான் மூக்கை மூடிக்கொண்டேன். நீயோ வலையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொருமுறை முகர்ந்தாய்.

“மே, இங்க வா. இந்த நாத்தம் உனக்குத் தெர்ல?”

“தெரியாம இன்னா? குமட்டுது.”

“பொட்டி திரும்பி வந்துச்சே, அதுல அடிச்ச நாத்தம் இதான். ஈரத்தோட சுருட்டி வெச்ச நாத்தம்.” உன் முகம் அப்படியே மாறியது. “அந்தத் தொரைக் கீரைய நாம மீனுன்னு நெனச்சிக்கினோம். அது மீனு இல்ல மே, வலை. காய வெச்சிதான் மடிக்கணும்.”

அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியவில்லை. இலைமேல் பூவாளியால் தண்ணீர் ஊற்றக் கூடாது, வேரில் மட்டும், அதுவும் காலையில் மட்டும் என்று சேகருக்கு உத்தரவு போட்டாய். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அறுத்தோம். மண்பட்ட இலை, புள்ளி விழுந்த இலை, ஓரம் கசங்கிய இலை எல்லாவற்றையும் தயவுதாட்சணியம் பார்க்காமல் கிள்ளிப் போட்டாய். கழுவவே கூடாது என்றாய். கழுவாமல் அனுப்பினால் ரேவதி என்ன நினைப்பாள் என்றேன். “தின்றவ கழுவிக்குவா. நாம கழுவினா அந்த ஈரம் வழியெல்லாம் கூடவே போவும்” என்றாய்.

பிறகு அந்த வலையிலேயே நல்லதாக இருந்த பகுதியை வெட்டிக் கழுவிக் காயவைத்து, இரண்டு கம்புகளுக்கு நடுவே தொட்டில் மாதிரி கட்டினாய். பன்னிரண்டு தலைகளையும் அதில் கவிழ்த்து வைத்தாய். இலை இடுக்கில் இருந்த பனி ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. ஏரிப் பக்கத்துக் காற்று மேலும் கீழும் புகுந்து போனது. வெயில் வருவதற்குள் இலைகளெல்லாம் உலர்ந்திருந்தன. ஆனால் வாடவில்லை. ஒன்றின் ஓரத்தை ஒடித்துப் பார்த்தேன், அப்பளம் மாதிரி மொறுக்கென்றது.

சுற்றுவதற்குத் துணி வேண்டும் என்றாய். நான் யோசிப்பதற்குள் என் அம்மா எடுத்துக் கொடுத்த பச்சைக் கரை வேட்டியைக் கொண்டுவந்து கிழிக்க ஆரம்பித்துவிட்டாய். “ஐயய்யோ, அம்மா குடுத்த வேட்டிய்யா!” என்று கத்தினேன். “எத்தினி தடவ தொவைச்ச துணி. இதான் ஈரத்த குடிக்கும்” என்றாய். பன்னிரண்டு துண்டு. ஒவ்வொரு தலையையும் குழந்தையைச் சுற்றுவது போல் சுற்றினாய். அடியில் ஐஸ் பாட்டில்கள், அதன்மேல் பலகை, பலகைமேல் லெட்டூஸ். குளிர் வரவேண்டும், ஐஸ் தொடக்கூடாது. மூடியில் நாலு ஓட்டை. பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஐஸ் கடையில் உறையக் கொடுத்து, உடைத்த ஐஸ் நிரப்பிய வாளியில் புதைத்து எடுத்து வந்திருந்தாய். அந்த வாளி பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

இனிமேல்தான் நான் மறைத்தது வருகிறது.

நீ பெட்டியை மூடிவிட்டுச் சட்டை மாற்றப் போனாய். மூடி ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. அழுத்தலாம் என்று திறந்தேன். மூலையில் இருந்த தலையின்மேல் ஒரு கை ஐஸ் கிடந்தது. துணி நனைந்து, தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மேலுக்கு ஒரு கை! முப்பது வருஷம் மீன் பெட்டி மூடிய கை. நீ சேகரோடு பேசிக்கொண்டே மூடியபோது, உனக்கே தெரியாமல் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வாய் என்றும் தெரியும். ‘இது எனக்கு ஆவாது மே, எனக்குத் தெரிஞ்சது தண்ணிதான்’ என்பாய். அதனால் நனைந்த தலையைத் துணியோடு எடுத்து முந்தானைக்குள் மறைத்தேன். சிதறிக் கிடந்த ஐஸைப் பொறுக்கினேன், பலகையை முந்தானையால் துடைத்தேன், மற்ற பதினொன்றையும் நகர்த்தி இடைவெளியை நிரப்பினேன். நீ சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்தாய். “இன்னா மே வேர்த்திருக்க?” என்று கேட்டாய். “வேல செஞ்சா வேர்க்காதா?” என்று எரிந்து விழுந்தேன்.

அந்த நாள் நகரவே இல்லை. நீ போனைப் பார்ப்பதும், இற்றுப்போன கயிற்றை மாற்றுவதுமாக இருந்தாய். நல்ல சேதி வந்தால் கயிறு வேண்டாம், கெட்ட சேதி வந்தால் கயிறு வேண்டும். நாலு மணி வாக்கில் ரேவதி கூப்பிட்டாள். போனை என் கையில் திணித்து, “நீ பேசு, ஸ்பீக்கர்ல போடு” என்றாய்.

“அக்கா, என்ன பண்ணீங்க? இப்பதான் பறிச்ச மாதிரி இருக்கு. ஒரு இலைகூட போகல. பதினொண்ணும் அப்படியே மொறுமொறுன்னு இருக்கு!”

பதினொன்று என்று அவள் சொன்னதும் எனக்கு உயிரே போய்விட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரித்தாய், எழுந்தாய், குழாயடிக்குப் போய் முகம் கழுவினாய். உன் காதில் அது விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன். துண்டால் முகத்தைத் துடைத்தபடி பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு, “நாளிக்கு என் பாட்ட நீயே வெச்சிக்க. இனிமே நீயே வெச்சிக்க” என்றாய். நான் அடுப்படிக்குள் போய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அது சந்தோஷ அழுகைதான்.

மறைத்து வைத்த அந்த ஒரு தலையை நான் தூக்கிப் போடவில்லை. என்ன ஆகிறது பார்க்கலாம் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திறந்தால் அதே வலை நாற்றம். அது பெட்டிக்குள் போயிருந்தால் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். அன்றே எனக்கு உறுத்த ஆரம்பித்தது. உன் கணக்குப்படி நீ தண்ணீருக்குப் போயிருக்க வேண்டியவன். நான் திருட்டுத்தனம் செய்து உன்னைக் கரையில் நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு, அந்தப் பருவத்தையும் சேர்த்து நாலு பருவம் போட்டோம். ஒரு பெட்டி திரும்பி வரவில்லை. உனக்கு உடம்பு தேறியது. ஈரமான துணியை எப்போது மாற்ற வேண்டும், குளிர்பெட்டியில் பழங்களோடு ஏன் வைக்கக்கூடாது என்றெல்லாம் ரேவதி சொல்லச் சொல்லக் கேட்டு, பிறகு அவளுக்கே பாடம் எடுக்கும் அளவுக்குப் போய்விட்டாய். ஆனாலும் சாயங்காலங்களில் கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்பாய். அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம், இவனிடமிருந்து ஏரியைப் பிடுங்கியவள் நான்தான் என்று தோன்றும். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை பக்கத்தில் வந்து நின்றேன். “இன்னா மே?” என்பாய். “ஒண்ணுமில்ல, காபி ஆறிப்போவுது” என்று திரும்பிவிடுவேன்.

போன ஆவணியில் ஒரு காலை, காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாய். “நெஞ்ச ஒரு மாரி பண்ணுது” என்று என் தோளில் சாய்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாய். ஊரே வந்து அழுதது. நானும் அழுதேன். ஆனால் உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை என்று முடிவு செய்துவிட்டதால் இதையும் சொல்கிறேன்: அழுகைக்கு அடியில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நீ தண்ணீரில் போகவில்லை. காய்ந்த சட்டையோடு, என் தோளில், வீட்டில் போனாய். அந்த ஆறுதலைக்கூட நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை, ஏனென்றால் அதையும் நான் திருடித்தான் வாங்கியிருந்தேன். அன்றிலிருந்து திருப்பாலைவனத்துக்குப் போகவர ஏறும் பேருந்தில் ஏரி தெரியாத பக்கமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

இன்று காலைக்கு வருகிறேன். அறுத்து, கவிழ்த்து, உலர்த்தி, சுற்ற உட்கார்ந்தோம். உன் வேட்டித் துண்டுகள் பதினொன்றும் பெட்டியோடு போய் வந்து போய் வந்து இன்னும் தாங்குகின்றன. பன்னிரண்டாவதுக்கு எப்போதும் வேறொரு பழைய துணியைத்தான் வைப்போம். சேகர் ஐஸ் பாட்டில் வாளியைக் காலால் என் பக்கம் தள்ளினான்.

“ஏன்டா, நீயே எடுத்து வெச்சா கை தேஞ்சிடுமா?” என்றேன். உன்னிடமும் இதையேதான் கேட்பேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு பெட்டிக்காவது நீ ஐஸ் வைத்தாயா? ‘ஐஸு நீ வை மே’ என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பாய். சோம்பேறி, துரை வேலை பார்க்கிறவன் என்று எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்.

“ஐஸு உன் கைலதான் குடுக்கணும்னு மாமா சொல்லிட்டுப் போயிருக்காருக்கா” என்றான் சேகர். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “உன்கிட்ட சொல்லாதன்னாரு. இப்ப சொன்னா தப்பில்லன்னு நெனக்கிறேன்” என்று ஆரம்பித்தான்.

போன மாசியில் நிழல்வலையைப் பிரிக்கும்போது நீ அவனிடம் சொன்னாயாம். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்: “மச்சான், அந்த மொத நல்ல பொட்டில நான் பன்னெண்டு வெச்சேன். பதினொண்ணுதான் போய்ச் சேந்துது. என் கை சும்மா இருந்திருக்காது, மேலுக்கு ஒரு கை போட்டிருக்கும். உங்கக்கா எடுத்துட்டா. ரெண்டு நாளு கழிச்சி பன்னெண்டாவது துணி கொல்லையில தனியா காயுது. அவ என்கிட்ட சொல்லல, நான் கேக்கல. கேட்டா அழுவா. அதோட நானும் ஒரு சாக்குதான் தேடிக்கினு இருந்தேன் மச்சான். தண்ணில விழுந்த அன்னிலருந்து எனக்கே உள்ள பயம். குப்பத்து ஆம்பள எப்புடி அத வாயத் தொறந்து சொல்றது? பதினொண்ணுன்னு அந்தப் பொண்ணு சொன்னதும், அப்பாடான்னு இருந்துச்சி.”

கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று கையில் அள்ளியதுமே சொல்கிறவன் நீ. பன்னிரண்டு பதினொன்றானதை விட்டுவிடுவாயா? இந்த மரமண்டைக்கு அது நாலு வருஷம் உறைக்கவில்லை. திருடியதாக நான் நினைத்ததை நீ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். சாயங்காலம் கரையில் நின்று நீ எதைப் பார்த்தாய் என்பதும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஏக்கத்தோடு கொஞ்சம் பயமும் அந்த முதுகில் இருந்திருக்கிறது. எனக்கும் அதே பயம்தான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, காபி ஆறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். என்ன அசட்டுத்தனம்!

சேகர் முன்னால் அழ வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். “ஏன்க்கா, சொல்லியிருக்கக் கூடாதா?” என்று பயந்துவிட்டான். “போடா லூசு, இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தேன். பிறகு என் பையைத் திறந்தேன். அந்தப் பன்னிரண்டாவது துணியை இத்தனை நாளும் நான் பெட்டிக்கு அனுப்பவில்லை. பதினொன்றோடு சேர்த்தால் நீ எண்ணிப் பார்த்துவிடுவாய் என்ற பயத்தில் மருந்துச் சீட்டுகளோடு மடித்துப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று அதை உதறி, மூலையில் இருந்த தலைக்குச் சுற்றினேன். கையைத் துடைத்துக்கொண்டு ஐஸ் பாட்டில்களைச் சரி பார்த்தேன். நீ மூடுவது போலவே மூடியைத் தட்டி மூடினேன். சேகர் பெட்டியைப் பேருந்தில் ஏற்றிவிட்டான்.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் கூட்டம் இல்லை. எல்லா இருக்கைகளும் காலியாகத்தான் இருந்தன. பாதி வழியில் ரேவதி கூப்பிட்டாள். “அக்கா, அண்ணன் இல்லாம எப்படி வருமோன்னு நெனச்சேன். பன்னெண்டும் நல்லா வந்திருக்கு” என்றாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம். “பன்னெண்டுதாம்மா, எண்ணிதான் வெச்சேன்” என்றேன்.

போனை முந்தானையில் முடிந்துகொண்டேன். ஊர் நெருங்கியதும் வெளியே தண்ணீர் வந்தது. பூநாரைகள் தூரத்தில் நின்றன. யாரோ இடுப்பளவில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏரி தெரிகிற பக்கத்து ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். இறங்கும் வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.